மாடிக்குப் போக வேண்டிய பை

மே மாதத்துக்கான செய்திகளை ரேஷன் கடையில்தான் வாங்க வேண்டும். மற்ற மாதங்களில் குடும்பங்களுக்குச் செய்தி தானாக வந்துவிடும். மே மாதத்தில் வெயிலுக்குப் பயந்து எல்லோரும் வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடப்பதால் எதுவும் நடப்பதில்லை. அதனால் ஒவ்வொரு அட்டைக்கும் இன்னின்ன விசேஷம் என்று பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, பாமாயில் எல்லாம் வாங்கி முடித்துவிட்டு அதற்குத் தனி வரிசையில் நிற்க வேண்டும்.

இரண்டு அட்டைக்கும் சேர்த்து ஞானசேகரன்தான் போய் வருவான். கீழ்வீட்டு அட்டை அவனுடையது. மாடிவீட்டு அட்டை அண்ணன் திருமூர்த்தியுடையது. அண்ணன் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் முக்கால்வாசி நாள் வடக்கே எங்கேயாவது இருப்பார். அண்ணி சௌந்தரத்தால் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடியாது. கல்யாணமாகிப் பதினேழு வருஷம் கழித்துப் பிறந்த பெண். நிறைமதி என்று பெயர், பதினோரு மாதம் ஆகிறது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பைதான். தங்கை கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுக்க அடித்த பைகள் ஏகப்பட்டது மிஞ்சிப்போய், அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் மணமக்கள் பெயர் போட்ட அந்தப் பைகளே. வலது கையில் இருப்பது மாடிக்கு, இடது கையில் இருப்பது தனக்கு என்று அவன் வழியெல்லாம் நினைவு வைத்துக்கொண்டு வந்தான். மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றபோது வலது பை கனமாக இருப்பது கைக்குத் தெரிந்தது. போன வருஷம் அவன் வீட்டுக்கு வந்ததெல்லாம் மிக்ஸி ஜாரில் ஒரு விரிசலும், ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்குச் சர்க்கரை வியாதியும்தான். அதைக் கேட்க யாரும் வீட்டுக்கு வரவில்லை.

அவன் இடது கைப் பையை அண்ணியிடம் கொடுத்தான். கை மாறிப்போயிற்று என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள அவனுக்கு வசதியாக இருந்தது. ஆனால் கை மாறவில்லை. அவன்தான் மாற்றினான்.

அவன் வைத்துக்கொண்ட பையில் மூன்று பொட்டலங்கள் இருந்தன. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் முதல் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்ததும் ஞானசேகரனுக்குக் கீழ் ஈறில் முதல் பல் முளைத்தது. ஏற்கெனவே இருந்த பற்கள் சற்று நகர்ந்து அதற்கு இடம் விட்டன.

"காட்டுங்க பார்ப்போம்" என்றாள் மனைவி பூங்கோதை. விரலால் தடவிப் பார்த்தாள். "அரிசி மாதிரி இருக்கு. இருங்க, மாடில அக்காகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

யாருக்குப் போக வேண்டிய பல் என்று அவனுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

பல்லுக் கொழுக்கட்டைக்கு அண்ணி பத்து நாளாகவே மாவு இடித்து, சலித்து வைத்திருந்தாள். அதிலேயே தேங்காயைப் பல் பல்லாகக் கீறிப் போட்டு வேகவைத்து எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். அவனை மணையில் உட்காரவைத்துத் தலைக்கு மேல் துண்டை விரித்துக் கொழுக்கட்டைகளைக் கொட்டினாள். எதிரே புத்தகம், பேனா, மோதிரம், நெல் எல்லாம் பரப்பி எதை எடுக்கிறான் என்று பார்த்தார்கள். அவன் பேனாவை எடுத்தான்.

"எழுத்து வேலைக்குத்தான் போவாரு" என்றாள் எதிர்வீட்டு ஹேமாவதி. அவன் பதினாறு வருஷமாக நகராட்சியில் எழுத்தராக இருந்தான்.

தோளில் விழுந்த ஒரு கொழுக்கட்டையை எடுத்து அண்ணி அவன் வாயில் ஊட்டினாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது அவனுக்கு.

மாடியில் பை ஒரே நாளில் காலியாயிற்று. இருந்ததே இரண்டு பொட்டலம். ஒன்றில் வாசிக்கிற கண்ணாடி, ஒன்றரை பவர். இன்னொன்றில் ஒற்றைத் தாள். நிறைமதியைத் தலைமை எழுத்தராகப் பதவி உயர்த்தி, ஜூன் முதல் தேதி பணியில் சேரச் சொல்லியிருந்தது. ஜன்னல் ஓரத்து மேஜை, தனி மின்விசிறி. அந்த மேஜைக்காக ஞானசேகரன் ஆறு வருஷமாகக் காத்திருந்தான். ஆனாலும் அந்தத் தாளைப் படித்தபோது அவனுக்கு வயிறு எரியவில்லை. தனக்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று தோன்றியது.

அடுத்த வாரம் அவன் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் பூங்கோதை இரண்டாவது பொட்டலத்தை அவிழ்த்துவிட்டாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கையை விட்டு, வாசல்வரை நாலடி வைத்துத் தொப்பென்று உட்கார்ந்தாளாம். தெருவே கைதட்டியதாம். அண்ணி மாடியிலிருந்து புது நடைவண்டியை இறக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"நம்ம பாப்பாவுக்கு இப்ப என்ன அவசரம்? பூங்கோதை ஓட்டட்டும்னு சொன்னாங்க" என்றாள் பூங்கோதை. மறுநாள் முதல் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டுதான் காய்கறி வாங்கப் போனாள்.

தினமும் சாயங்காலம் அண்ணன் போன் செய்வார். லாரிச் சத்தத்தில் கேட்காது என்று அண்ணி ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். கீழே ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஞானசேகரனுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்கும்.

"வீட்ல என்ன விசேஷம்?"

"கீழ நடக்க ஆரம்பிச்சாச்சுங்க."

"நம்ம பாப்பா? அம்மான்னு சொன்னாளா?"

"இன்னும் இல்லைங்க. மாசம் முடியலையே."

"பதினேழு வருஷம் காத்திருந்தே. இந்த மே தாண்டிச்சுன்னா அப்புறம் எப்பவோ."

"பொட்டலம் வரலேன்னா என்னங்க பண்றது? கண்ணாடி போட்டுக்கிட்டு அழகாத்தான் இருக்கா" என்று அண்ணி சொன்னாள்.

மூன்றாவது பொட்டலம் அரிசி டிரம்முக்குள் இருந்தது. காதில் வைத்தால் உள்ளே ஒன்று முனகுவது கேட்கும். அவன் ரேஷன் கடைக்காரரிடம் போய் யாருக்கோ கேட்பது போலக் கேட்டுவிட்டு வந்தான்.

"முடிச்சு அவிழ்க்காததுன்னா உரிய அட்டைக்கே குடுத்துடலாம் சார். முப்பத்தொண்ணாம் தேதிவரைக்கும்தான். அப்புறம் தானா அவிழ்ந்துக்கும்" என்றார் அவர்.

ஆக, பதினாறு படி ஏறினால் போதும். ஆனால் அதைக் கொடுத்தால் பல்லையும் நடையையும் சொல்ல வேண்டும். பையின் கனத்தைச் சொல்ல வேண்டும். கொழுக்கட்டையை வாய் நிறைய வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்ல வேண்டும். தினமும் பொட்டலத்தோடு ஆறாவது படிவரை போவான். மேலே அண்ணி குழந்தையின் முகத்தருகே முகத்தை வைத்து, "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று கெஞ்சுவது கேட்கும். நிறைமதி கண்ணாடி வழியே அவள் உதட்டையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் இறங்கி வந்துவிடுவான். இப்படியே இரண்டு வாரம் ஓட்டினான்.

முப்பத்தொன்றாம் தேதி காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு பதினாறு படியும் ஏறினான். அண்ணி கூடத்தில் குழந்தையின் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் நிறைமதி பணியில் சேர வேண்டும்.

"வாங்க தம்பி. காபி போடட்டுமா?"

அவன் கையை நீட்டினான். வெயிலோ வியர்வையோ, முடிச்சு ஏற்கெனவே இளகிப்போயிருந்தது. பொட்டலம் கட்டியிருந்த வெறும் தாள்தான் உள்ளங்கையில் இருந்தது. அண்ணி, நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"அம்மா" என்றான்.

அண்ணி இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

மன்னிச்சிடுங்க என்று சொல்லிப் பார்த்தான். அதுவும் "அம்மா" என்றே வந்தது. இது உங்க பொண்ணோடது என்று சொல்லப் பார்த்தான். அதற்கும் அதே. அவனிடம் இப்போது அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டான். பாயில் உட்கார்ந்திருந்த நிறைமதியின் பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் இல்லை.

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு தரம் சொல்லுடா தங்கம்" என்றாள். சொல்லாமல் இருக்க அவனால் முடிந்தவரை முயன்றான். அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பதினேழு வருஷம் காத்திருந்தவளிடம் எவ்வளவு நேரம்தான் மல்லுக்கட்டுவது? சொன்னான். அவள் அவனை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். எழுபத்தெட்டு கிலோ அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கையோடே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அம்மான்னு சொல்லியாச்சு. இந்தாங்க கேளுங்க."

போனை அவன் வாயருகே வைத்தாள். அந்தப் பக்கம் அண்ணன் லாரியை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டு அழுதார். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிட மாட்டாரா என்று ஞானசேகரன் இடுப்பில் இருந்தபடியே தவித்தான்.

ஜூன் முதல் தேதி ஒன்பதே காலுக்கு ஷேர் ஆட்டோ வந்தது. பூங்கோதை நிறைமதியைத் தூக்கி உள்ளே உட்காரவைத்து, டிபன் பாக்ஸை மடியில் வைத்தாள். ஆபீஸ் போகிற இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அண்ணி அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, முந்தானையால் அவன் மோவாயைத் துடைத்தாள்.

"அக்கா வேலைக்குப் போறா பாரு. டாட்டா சொல்லு."

நிறைமதி கண்ணாடிக்கு மேலாக அவனை ஒருமுறை பார்த்தாள். அவன் முகத்தை அண்ணியின் தோளில் புதைத்துக்கொண்டான்.

"புது முகம்னா வெட்கம்" என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, அண்ணி அவன் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டினாள்.