போடாமல் விட்ட முகவரி

“எல்லாப் பேருக்கும் புது முகவரி போட்டாச்சு. ரத்த வங்கி மட்டும் ஏம்மா பாக்கி?”

“அந்தக் கம்ப்யூட்டர் புது முகவரியில இன்னும் பதில் சொல்லவே ஆரம்பிக்கலை சார். கூப்பிட்டுப் பார்த்தேன், மூச்சே இல்லை.”

“பழைய முகவரியும் கூடவே இருக்குதே. புதுசு சரிப்படலேன்னா அங்க போய்க்கட்டும்.”

“போகும் சார். ஆனா முதல்ல புது வாசல்லயே நிக்கும். ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கிற புரோகிராம் அரதப் பழசு. எங்க வீட்டுக்காரர் துணிக்கடை வாசல்ல நிக்கிற மாதிரி அசையாம நிக்கும்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு கதவருகே நின்றேன். மருத்துவமனையின் நெட்வொர்க் அறை அது. கேட்டவர் கணினிப் பிரிவின் தலைவர். பதில் சொன்னவர் அவரிடம் வேலை பார்க்கும் இன்ஜினியர் அக்கா. நான் ரத்த வங்கியில் இருப்பவள், பிரிண்டர் கோளாறைச் சொல்ல வந்திருந்தேன். கணினிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும். அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லும் சர்வர் அக்காவின் பொறுப்பு. பழைய எண்களிலிருந்து புதிய, நீளமான எண்களுக்கு அப்போது மாறிக்கொண்டிருந்தோம்.

“மேலிடத்துல என்ன சொல்ல?”

“வீடு தயாரானப்புறம் விலாசம் சொல்றோம்னு சொல்லுங்க சார். திட்டு எனக்கு விழட்டும்.”

“எனக்கும்தான் விழும்,” என்று முணுமுணுத்தபடி அவர் போனார்.

அன்று மதியம் என் தங்கையைப் பிரசவத்துக்காகத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். குழந்தை பிறந்தும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. என் திரையில் அவள் பெயர் வந்து விழுந்தது, சிவப்பில், அவசரம் என்று. என் தங்கை என்பதால் பொருத்தம் பார்க்கும் வேலையை சீனியர் செய்தார். நான் பைகளை வாங்கிக்கொண்டு ஓடினேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

மறுநாள்தான் சலவைப் பிரிவின் கதை காதில் விழுந்தது. அக்கா விடுப்பிலிருந்த நாளில், அவர்கள் கணினி தயாராகும் முன்பே யாரோ அதற்குப் புது முகவரியைப் போட்டுவிட்டார்களாம். அதே தியேட்டரிலிருந்து விரிப்புகள் கேட்டு அனுப்பிய செய்தி, யாருமில்லாத வாசலில் நிமிடக்கணக்கில் நின்றுவிட்டுத்தான் பழைய வழிக்குத் திரும்பியிருக்கிறது. விரிப்புகள் காத்திருக்கும். என் தங்கையால் காத்திருந்திருக்க முடியாது.

நேராக நெட்வொர்க் அறைக்குப் போனேன்.

“வா வா. உங்க கம்ப்யூட்டர் இப்பதான் வாயைத் திறந்திருக்கு. இன்னிக்கே புது முகவரியைப் போட்டுடலாம்,” என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

“நேத்து போடாம விட்டீங்களே, அதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்.”

“வேலை செய்யாததுக்கு நன்றி வாங்கினது இந்த ஆஸ்பத்திரியிலேயே நானாத்தான் இருப்பேன்.”

“நேத்து தியேட்டர்ல ரத்தம் ஏத்தினது என் தங்கச்சிக்குத்தான்க்கா. கண்ணு முழிச்சுட்டா. கஞ்சி குடிச்சா. குழந்தையைக் கொடுங்கன்னு எல்லாரையும் அதட்டுறா. வார்டுப் பக்கமே போனதில்லைன்னு சொல்வீங்களே. ஒரு எட்டு வந்து அவளைப் பார்த்துட்டுப் போங்களேன்.”