காணாமல் போனவை

அலுவலக லேப்டாப்புகளை இருந்த இடத்திலிருந்தே பூட்டித் திறக்கிற மென்பொருளுக்கு நான்தான் பொறுப்பு. பெங்களூர் எல்லையைத் தாண்டும் எந்த லேப்டாப்பும் தானாகவே ‘காணாமல் போனவை’ என்ற குரூப்புக்குப் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றார் மேனேஜர் வீணா.

"மேடம், நாங்க ஏழெட்டுப் பேரு டெய்லி கேஜிஎஃப்ல இருந்து வர்றோம். எங்களுக்குத் தனி குரூப் போட்டுடறேன்."

"உங்களுக்குப் பண்ணா எல்லாரும் கேப்பாங்க, குணசேகர். இங்கயே ஒரு ரூம் எடுத்துக்கங்க."

கோலார் தங்கச் சுரங்கத் தூசியில் நுரையீரல் போன அப்பாவை எந்த ரூமில் படுக்க வைப்பது? உட்கார்ந்து அந்த விதியை எழுதிக் கொடுத்தேன்.

அன்று மாலை ஊருக்குத் திரும்பும் மாரிக்குப்பம் ரயிலில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் எல்லையைத் தாண்டியதும், மாலூருக்கு முன்பே திரை கறுத்தது. எதிர் சீட்டிலிருந்த எங்கள் ஆபீஸ் கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூட்டிக்கொண்ட தன் லேப்டாப்பை மூடினாள்.

என் திரையில் நானே தட்டிய வாசகம் வந்தது: ‘இந்தக் கருவி காணாமல் போய்விட்டது. கண்டெடுத்தவர் அழைக்கவும்.’

கீழே இருந்த எண்ணுக்கு அழைத்தேன். என் மேஜை போன்தான் அது. அடித்துக்கொண்டே இருந்தது. எவனும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியவன் ரயிலில் இருந்தான்.