விரல்களுக்கு மட்டும் தெரிந்தது

பத்து தடவை தப்பாகத் தட்டினால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் பெட்டி ஒன்றைக் கண்டுபிடித்தானே ஒரு புண்ணியவான், அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் நடப்பதே வேறு. கை என்றா சொன்னேன்? வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. இடது கையால்தான் அவனை அறைய வேண்டும்.

ஒரு மருத்துவமனையின் மரபணுக் கூடத்தில் எனக்கு வேலை. நம் உடம்பு முழுக்க நான்கே எழுத்தில் எழுதி வைத்திருக்கிறது. இரத்தத்திலிருந்து அதைப் படித்து, எந்த இடத்தில் எழுத்து பிசகியிருக்கிறது என்று சொல்வது என் பிழைப்பு. படித்ததையெல்லாம் பூட்டுப் போட்ட வன்தட்டில்தான் வைக்க வேண்டும் என்பது விதி. கடவுச்சொல்லைக் கணினிப் பிரிவுக்காரர் தருவார். எங்களுக்குள் அவருக்குப் பெயரே 'பூட்டு'. அவர் தரும் கடவுச்சொல்லுக்குத் தலையும் இருக்காது, வாலும் இருக்காது. விசைப்பலகை மேல் பூனை நடந்த மாதிரி இருக்கும். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது என்பார். நானும் எழுதி வைக்கவில்லை. துண்டுச் சீட்டில் எழுதி மேசைக்கு அடியில் ஒட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். எனக்கு நன்றாக வேண்டும்.

இரண்டு வருடமாகத் தினமும் வலது கையாலேயே தட்டினேன். நான் நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் விரல்கள் ஓடிப்போய்த் திறந்துவிடும், என்னை ஒரு வார்த்தை கேட்காது. போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. விடுப்பு முடிந்து வந்து இடது கையை விசைப்பலகையில் வைத்தபோதுதான் தெரிந்தது, கடவுச்சொல் எனக்குத் தெரியாது. நாக்கு நுனியில் நிற்கிறது என்பார்களே, அதுகூட இல்லை. என் மண்டைக்குள் அது எந்த மூலையில், எந்த எழுத்தில் கிடக்கிறதோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"நகல் எதுவும் இல்லையா?" என்று பூட்டிடம் கேட்டேன்.

"அந்தத் தட்டு நகல் எடுக்க விடாது மேடம். அதான் அதோட விசேஷம்."

"பாஸ்வேர்டு நீங்க குடுத்ததுதானே? உங்ககிட்ட இருக்காதா?"

"குடுத்த கையோட அழிச்சிடுவேன். பாதுகாப்புக்குத்தான்."

"யார்கிட்டேருந்து பாதுகாப்பு? என்கிட்டேருந்தா?"

"இப்போதைக்கு அப்படித்தான் ஆயிடுச்சு மேடம்," என்றார், சிரிக்காமல். வாயில் நன்றாக வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வேறு நேரமாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அந்தத் தட்டில் ஒரு சிறுமி இருக்கிறாள். வலிப்பு வந்து வந்து ஆறு வயதில் போய்விட்ட குழந்தை. அவளுடைய இரத்தத்தைச் சொட்டு மிச்சமில்லாமல் படித்தாகிவிட்டது. என்ன பிசகு என்று கண்டுபிடிப்பதற்குள் நான் விழுந்து தொலைத்தேன். அவளுடைய அம்மா இப்போது மறுபடி மாசமாக இருக்கிறாள். வயிற்றில் இருப்பதற்கும் அதே கேடு உண்டா என்று சோதிக்கலாம், ஆனால் எந்த எழுத்தைத் தேடுவது என்று தெரிய வேண்டுமே! பெற்றவர்கள் இரண்டு பேருடைய இரத்தத்தையும் படித்து வைத்திருக்கிறோம். எல்லாரையும் போல அவர்களிடமும் ஆயிரக்கணக்கில் வித்தியாசங்கள். அதில் எது அந்தப் பெண்ணைக் கொன்றது என்பது அவளுடைய எழுத்தோடு ஒத்துப் பார்த்தால்தான் தெரியும்.

வீட்டில் இன்னொரு கூத்து. என் கணவர் வேன் ஓட்டுகிறார். "நம்ம கல்யாண நாளைப் போட்டுப் பாரேன்," என்றார்.

"அந்தத் தேதியே உங்களுக்கு ஞாபகம் கிடையாது. வந்துட்டாரு யோசனை சொல்ல."

"சரி, கோபப்படாதே. கியரை எந்தப் பக்கம் தள்ளுறேன்னு கேட்டா எனக்கும்தான் சொல்லத் தெரியாது. கை பாட்டுக்குத் தள்ளும். நீ கண்ணை மூடிக்கிட்டு மேசை மேல தட்டிப் பாரு. யோசிக்காதே."

மாவுக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த விரல்களை மேசையில் வைத்தேன். வீங்கிப்போன விரல்கள் மரக்கட்டையாகக் கிடந்தன. "யோசிக்காதே, யோசிக்காதே" என்று மனுஷன் காதுக்குள்ளேயே நின்று சொன்னால் வேறு எதைத்தான் யோசிப்பது? போய்த் தொலையுங்கள் என்று கத்திவிட்டேன். பாவம், தேநீர் போட எழுந்து போனார்.

மறுநாள் ஞாபகத்துக்கு வந்த கடவுச்சொல்லையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் இதுதான், சத்தியமாக இதுதான் என்று தோன்றும். தட்டினால் சிவப்பு விளக்கு. போகப் போக இன்னும் மோசம். எது பழசு, எது நானே இட்டுக்கட்டியது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோண்டத் தோண்ட நானே அதைக் கலக்கிவிட்டேன். ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம் இருந்தபோது எழுந்துவிட்டேன். அழுகை அழுகையாக வந்தது.

குழந்தையின் அம்மா வந்தபோது ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் என் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவோடது ஏதாவது வீட்டுல இருக்காம்மா? பல் விளக்குற பிரஷ், அந்த மாதிரி?"

"ஒண்ணும் இல்லக்கா. பார்க்கப் பார்க்க தாங்கலைன்னு எல்லாத்தையும் குடுத்துட்டோம்." கைப்பையை மடிக்கு இழுத்தாள். "பல்லு ஒண்ணு இருக்கு."

கைப்பையின் உள்ளறையிலிருந்து எடுத்தாள். வலிப்பு வந்து படியில் விழுந்தபோது வேரோடு பெயர்ந்து வந்த முன்பல்லாம். எங்கே போனாலும் கூடவே எடுத்துப் போவாளாம். அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிதாக, உள்ளங்கையில் வெள்ளையாக இருந்தது.

"இதை என்ன பண்ணுவீங்க?"

"அரைக்கணும்மா."

"முழுசாவா?"

"சின்னப் பல்லு. முழுசா அரைச்சாத்தான் படிக்க முடியும்." சொல்லிவிட்டு எனக்கே பொறுக்கவில்லை. "வேணாம். பூட்டை இன்னொரு தடவை திறந்து பார்க்கிறேன். திறந்துட்டா இதைத் தொடவே வேண்டாம்."

"தப்பாயிட்டா?"

"தட்டு காலி. அப்புறம் இந்தப் பல்லு ஒண்ணுதான்."

அவள் தலையை ஆட்டினாள். "நினைப்பை நம்பாதீங்கக்கா. அவ குரல் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். தினமும் நினைச்சு நினைச்சு இப்ப அது அவ குரல்தானா, என்னோடதான்னே தெரியலை. பல்லு மாறாது இல்ல? அரைச்சிடுங்க." பல்லை என் இடது கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, வெளியே நடைவழிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கழுவினேன். உறைய வைத்தேன். அரைக்கிற எஃகுக் குப்பியில் போட்டு, குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகினேன். இதையெல்லாம் வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். மனம் வரவில்லை. பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் கடகடவென்று ஆரம்பித்தது, பிறகு சத்தம் குறைந்து வெறும் உறுமலாகிவிட்டது. கல் மாதிரி இருந்தது மாவாகிவிட்டது என்று அர்த்தம். நான் எதையும் நினைக்கவில்லை. இந்தச் சனியன் எப்போது நிற்கும் என்று எரிச்சலோடு நின்றுகொண்டிருந்தேன்.

மேசை விளிம்பில் ஏதோ தட்டுகிற சத்தம். பார்த்தால் என் விரல்கள். வீக்கம் வடிந்து, கட்டுக்கு வெளியே, அவை பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தன. சுண்டுவிரல், நடுவிரல், மறுபடி நடுவிரல். ஒரு சின்ன இடைவெளி. பிறகு கட்டைவிரல்.

மூச்சுவிடாமல் பார்த்தேன். பார்த்தால் நின்றுவிடுமோ என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். நிற்கவில்லை. பக்கத்தில் கிடந்த விசைப்பலகையை இடது கையால் இழுத்து அந்தக் கைக்குக் கீழே தள்ளினேன். விரல்கள் மறுபடி முதலிலிருந்து ஓடின.

பச்சை விளக்கு.

குழந்தையின் பக்கங்கள் திரையில் விரிந்தன, எழுத்துப் பிசகாமல், மொத்தமாக. பின்னால் இயந்திரம் தானாக நின்றது. நான் அந்த மேசையை இடது கையால் ஓங்கி ஓங்கி அறைந்தேன். இப்போதா? இப்போதுதானா வரவேண்டும் உனக்கு? கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் குறைந்தா போயிருப்பாய்?

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே போனேன். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்தாள்.

"பூட்டு திறந்துடுச்சும்மா. பாப்பாவோடது எல்லாம் பத்திரமா இருக்கு. எதைத் தேடணும்னு இனிமே சொல்லிடலாம்."

அவள் சட்டென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பும் அழுகையுமாக என் மாவுக்கட்டை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை நாளில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"அப்போ பல்லைக் குடுத்துடுங்கக்கா."