ஹெரால்டுக்குப் புது பிரேக் ஆயில்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பஜ்ஜி ஆறுவதற்குள் சம்மதம் சொன்ன மனிதர் பரத்வாஜ். அவரே தன் பழைய ஹெரால்டு காருக்குப் பிரேக் ஆயில் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். டாட் த்ரீ ரகமா, டாட் ஃபோர் ரகமா என்று தூக்கத்திலும் புலம்பினார். போதாக்குறைக்கு சைதாப்பேட்டை நண்பர் ஒருவர் சிலிக்கோன் என்று மூன்றாவதாக ஒன்றைக் கிளப்பிவிட்டார்.

“டாட் ஃபோரே வாங்குங்கோ. எங்கயாவது முட்டிண்டா பக்கத்துல உக்காண்டிருக்கறவ நான்தானே” என்று தீர்ப்புச் சொன்னேன்.

ஞாயிறு காலை அவர் சக்கரத்தருகே படுத்து, பழைய ஆயிலை வடிக்கும் ஸ்குருவைத் திறந்தார். நான் உள்ளே உட்கார்ந்து, “அழுத்து” என்றால் பெடலை அழுத்தினேன். “விடு” என்றால் விட்டேன். டிகாக்‌ஷன் போலக் கறுத்த பழைய ஆயில் குமிழி குமிழியாக வெளியே வந்தது. கடைசியில் தேன் நிறத்தில் தெளிவாக வந்தபோது இருவருக்கும் காரணமே இல்லாமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சிரிப்பு அடங்காமலே காரைக் கிளப்பினோம்.

தெருமுனையில் மீன் விற்கும் கெங்கம்மா, எங்கள் காரைக் கண்டாலே கூடையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுவாள். நாங்கள் பிரேக் பிடிக்கும் இடம் வேறு. கார் நிற்கும் இடம் அவளுடையது. அன்றும் ஒதுங்கினாள். பரத்வாஜ் வழக்கம்போல் தூரத்திலேயே பிரேக்கை அழுத்தினார். கார் அங்கேயே நின்றது. என் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் டாஷ்போர்டில் விழுந்தது.

கூடையும் கையுமாக நின்ற கெங்கம்மா கவலையோடு எட்டிப் பார்த்தாள்.

“இன்னா சார், வண்டி ரிப்பேரா? அங்கியே நின்னுகினு கீதே.”