அறுப்பின் பண்டிகையில் விலைபோனவை

அறுப்பின் பண்டிகை ஏலத்தில், ஒரு வாழைத்தாருக்கும் கால் கட்டிய இரண்டு சேவல்களுக்கும் நடுவில், இட்லிக்கார இஸ்ரவேலின் குரல் விலைபோனது. எடுத்தவர் நாகூர் கனி பாய். தோல்பை பட்டறைக்காரர், சேவலுக்காக வந்தவர். நல்ல விலைதான் என்று தாராவி தமிழ்ச் சபையில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் காலையில் இஸ்ரவேல் வழக்கம்போல இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டி மாதுங்காவுக்குப் போய், மாடி வீடுகளுக்குக் கீழே நின்று கூவ வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. அதே நேரத்தில் பட்டறையில் கனி பாய், அதுவரை பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காதபடி பேசி வாழ்ந்த மனிதர், ஒரு கட்டிங் சாய், அரை கிளாஸ் டீதான், கேட்டார். சயன் ஸ்டேஷனில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்ரவேல் ஒரு ரப்பர் ஹாரன் வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டார். மற்ற இட்லிக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை.

குரலை விற்றவள் அவருடைய மனைவி கெத்சியாள். விற்றாள் என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும், படைத்தேன் என்பாள். திருநெல்வேலிச் சீமையில் அறுப்பின் பண்டிகைக்கு நெல்லும் பூசணியும் ஆட்டுக்குட்டியும் கொண்டுவந்து கோயிலில் வைப்பார்கள். தாராவியில் வயலுக்கு எங்கே போவது? ஆகவே அவரவர் கை செய்வதில் முதலாவது எதுவோ அதைக் கொண்டுவருவது இங்கே வழக்கமாயிற்று: பெல்ட், சட்டை, மண்சட்டி, முறுக்கு. ஆராதனை முடிந்ததும் ஆபிரகாம் அண்ணாச்சி அத்தனையையும் ஏலம் விடுவார், பணம் சபைக்கு. கெத்சியாள் முதல் வருஷம் யோசித்துப் பார்த்தாள். மாவு அரைப்பது மெஷின், இட்லி விற்பது புருஷன். தன் கை மட்டுமே செய்கிற பொருள் என்று பார்த்தால், பாட்டுதான் இருந்தது. விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்து வெறும் டிரம்மில் விழுகிற சத்தத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, தட்டில் வைத்துக் கொண்டுபோனாள்.

“காயிதத்த எவன்ட்டி ஏலம் எடுப்பான்?” என்று அண்ணாச்சி சிரித்தார். அவள் நின்ற இடத்திலேயே பாடினாள். சும்மா சொல்லக்கூடாது, கேட்டவர்களுக்குத் தாகம் எடுத்தது. செம்பூர் கான்ட்ராக்டர் ஸ்டீபன் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து கெத்சியாள் வீட்டுக் குழாயில் தண்ணீர் இல்லை. இடது பக்கத்து வீட்டில் வந்தது, வலது பக்கத்து வீட்டில் வந்தது. பிளம்பர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்துவிட்டு, அடைப்பே இல்லை என்று கூலி வாங்கிக்கொண்டு போனார். செம்பூரில் ஸ்டீபன் வீட்டில், அங்கே எப்போதுமே தண்ணீருக்குக் குறைவில்லை, குழாய் இரவும் பகலும் பாடிக்கொண்டு கொட்டியது. அடுத்த வருஷம் இட்லி வேகும்போது எழும்புகிற வாசனையைப் பற்றி எழுதினாள். டிராம்பேயில் ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் எடுத்தார். அவர் வீட்டில் மீன் குழம்பு கொதித்தாலும் இட்லி வாசனைதான் வந்தது, அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மாதுங்காவில் வாடிக்கைக்கார நாகலக்ஷ்மி மாமி இஸ்ரவேலிடம், “என்ன இஸ்ரவேல், பாக்கறதுக்கு வெள்ளையாத்தான் இருக்கு, வாயில போட்டா பஞ்சைத் திங்கறாப்லன்னா இருக்கு” என்று சொல்லிவிட்டு மறுவாரம் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்தாள்.

அப்போதுதான் கெத்சியாளுக்கு விளங்கியது. எதைப் பற்றி எழுதுகிறாளோ அது பாட்டோடு போய்விடுகிறது. சபைக்கும் விளங்கியது, யாரும் பெரிதுபடுத்தவில்லை. கொடுத்தால் குறையத்தானே செய்யும் என்றார் பாஸ்டர். சரி, இனி வீட்டுச் சமாச்சாரமே வேண்டாம் என்று அவள் கடலைப் பற்றி எழுதினாள், ரயிலைப் பற்றி எழுதினாள், பார்த்தேயிராத சீனாய் மலையைப் பற்றியும் எழுதிப் பார்த்தாள். எல்லாம் செத்துப் பிறந்தன. அந்தச் சமயத்தில் மாதுங்காவில் ஒரு ஹாலில் கிறிஸ்தவப் பெண் எழுத்தாளர்கள் கூடினார்கள். சபைப் பத்திரிகையில் கதை எழுதுகிறவர்கள், ஓய்வுநாள் பள்ளிக்கு நாடகம் எழுதுகிறவர்கள், அடுப்படியில் குக்கர் விசில் எண்ணிக்கொண்டே தியானக் கட்டுரை எழுதுகிறவர்கள். கெத்சியாளைப் பேசக் கூப்பிட்டு, “உங்களுக்கு மட்டும் விஷயம் எங்கேயிருந்து சிஸ்டர் கிடைக்குது?” என்று கேட்டார்கள். “வீட்ல உள்ளதத்தான் எழுதுதேன்” என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேக் கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள். அந்தச் சால்வைதான் அவளைக் கெடுத்தது.

வீடு திரும்பிய மறுநாளே, தெருமுனையில் இஸ்ரவேல் யாரையோ கூப்பிட்ட சத்தம் கேட்க, அரிசி களைந்துகொண்டிருந்தவளுக்கு முதல் வரி வந்துவிட்டது. எழுதாமல் இருந்திருக்கலாமே என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு ஒரு வரி தானாக வந்து நின்றதே கிடையாது. எழுதி முடித்துப் புருஷனிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் சத்தம் போட்டுச் சிரித்து, “குடுட்டி, போனாப் போவுது, எங்குரலுக்கு அப்படி என்ன வெல வந்திரும் பாப்போம்” என்றார். அவருக்கு அதில் பெருமை. அவர் வாயிலிருந்து வந்த கடைசிச் சிரிப்புகளில் அது ஒன்று. பிறகு சாயங்காலங்களில் கனி பாய் பட்டறைக்கு எதிரில் சைக்கிளை நிறுத்திவிட்டு, தன் குரல் ஆர்டர்காரர்களைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பார். மகள் எமியையும் சில நாள் கூட்டிப் போவார். கனி பாய் இரக்கமுள்ளவர், வெளியே வந்து, “எமிக்குட்டி, சாப்ட்டியாளா?” என்று அந்தக் குரலில் கேட்பார். பிள்ளை அப்பாவைப் பார்ப்பதா பாயைப் பார்ப்பதா என்று தெரியாமல் முழிக்கும்.

எமிக்கு எட்டு வயது. தண்ணீர் போன வீட்டில், வாசனை போன வீட்டில், பேச்சும் போன பிறகு, எழுதுகிறதற்கு அவள் ஒருத்திதான் பாக்கி. கெத்சியாளுக்கு அது நன்றாகத் தெரியும். பேனாவைத் தூக்கிக் கூரையில் எறிந்தாள், பிள்ளையை நிமிர்ந்து பார்க்காமல் சோறு போட்டாள். ஆனால் தலை பின்னாமல் முடியுமா? கெத்சியாளுக்கு எத்தனை சீவினாலும் வகிடு நேராக வராது, எமி கோணல் வகிட்டோடுதான் பள்ளிக்கூடம் போவாள். ஒருநாள் சீப்பும் கையுமாக இருக்கும்போது அவளை அறியாமல் வாய் முணுமுணுத்தது: கோணல் வகிட்டுக் கண்ணே, அசையாதே, உன் தலைமுடியெல்லாம் எண்ணின ஆண்டவர் எனக்கொன்று விட்டுவைக்கட்டும். அவள் அதைக் காகிதத்தில் எழுதவேயில்லை. எமிக்குத் தமிழ் வாசிக்கவும் வராது. கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டு அடுத்த ஞாயிறு ஓய்வுநாள் பள்ளியில் எழுந்து நின்று பாடிவிட்டது. பாஸ்டரம்மா மூக்கைச் சிந்தினாள்.

“பண்டிகைக்கு இதத்தான் கொண்டாரணும் கெத்சியா” என்றாள் பாஸ்டரம்மா. முடியாது என்று கெத்சியாள் சொன்னாள். இது பிள்ளை, பாட்டு இல்லை என்று காலைப் பிடித்தாள். பாஸ்டரம்மா கோபப்படவில்லை, அவளுக்குக் கோபமே வராது. தலையைத் தடவிக்கொடுத்து மெதுவாக, “அனனியாவும் சப்பீராளும் கொஞ்சத்த ஒளிச்சு வச்சாவளே, என்ன ஆச்சுன்னு தெரியும்லா?” என்றாள். தெரியும். வேதத்தில், சபைக்குக் கொண்டுவந்த காசில் கொஞ்சத்தை ஒளித்த அந்தப் புருஷனும் பெண்சாதியும் நின்ற இடத்தில் செத்து விழுந்தார்கள். பிள்ளையைக் கொடுத்தால் பிள்ளை போகும், கொடுக்காவிட்டால் யார் விழுவார்கள் என்று தெரியாது; பிள்ளையே விழுந்தால்? இரண்டுக்கும் நடுவில் கெத்சியாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தானே ஏலத்தில் எடுத்துவிடுவது.

படைத்தவர் ஏலம் கேட்கக்கூடாது என்பது சபைச் சட்டம். புருஷன் கேட்கலாம், ஆனால் அவருக்குக் குரல் இல்லை. கனி பாயைக் கேட்கச் சொல்லலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. குரல் இஸ்ரவேலுடையதுதானே, பிள்ளை இஸ்ரவேலிடமே வந்து சேரும். ஆனால் அந்தக் குரலை விலைக்கு வாங்கின மனிதர் முன்னால் போய் நிற்க அவளுக்கு மனசு கூசியது. பக்கத்து வீட்டுத் தொற்காளிடம் போனாள். கார்மென்ட் பட்டறையில் காலர் தைப்பவள், புருஷன் விட்டுப்போனவள், பிள்ளை இல்லை. எமிக்குப் பேன் பார்ப்பதிலிருந்து காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது வரை அவளுக்கும் பங்கு உண்டு. கெத்சியாள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்துப் பணத்தை அவள் கையில் கொடுத்தாள். “நான் இருக்கேம்லாக்கா. எவன் கேட்டாலும் விடமாட்டேன்” என்றாள் தொற்காள். அவள் அதை மனசாரத்தான் சொன்னாள்.

பண்டிகையன்று வாழைத்தார் போனது, பெல்ட்டுகள் போயின, முறுக்கு டப்பா போனது. எமியைக் கூப்பிட்டுப் பாட்டைப் பாட வைத்தார்கள். ஸ்டீபன் முதல் விலை கேட்டார். அவருக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், இருந்தாலும் கெத்சியாள் பாட்டு என்றால் விடமாட்டார். தொற்காள் ஏற்றினாள். இஸ்ரவேலுக்குப் பொறுக்கவில்லை, எழுந்து கையைத் தூக்கி, வாயைத் திறந்து திறந்து மூடினார். “வாயால சொல்லணும்டே இஸ்ரவேலு, கையக் காட்டுனா நான் என்னன்னு எழுத?” என்றார் அண்ணாச்சி. சபை சிரித்தது. கனி பாய் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டீபன் விடாமல் ஏற்ற, சங்கிலிப் பணம் தீர்ந்த இடத்தில் கெத்சியாளின் உயிர் போய்த் திரும்பியது. தொற்காள் அவள் பக்கம் திரும்பவேயில்லை. சொந்தமாகத் தையல் மெஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்ததையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னாள். அது சிநேகிதத்தில் சொன்னதா, ஆசையில் சொன்னதா என்று தெருவில் இன்றைக்கும் வாக்குவாதம் உண்டு. இரண்டிலும்தான். அண்ணாச்சி ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடித்தார்.

கெத்சியாள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினாள். பிள்ளைகள் வரிசையிலிருந்து எமி எழுந்து வந்தது. பாயில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, நீட்டின கையையும் தாண்டிப் போய், தொற்காளின் மடியில் உட்கார்ந்து, “யம்மா, பசிக்கி” என்றது.

காசு யாருடையது என்று ஏலம் பார்க்காது, வாய் யாருடையது என்றுதான் பார்க்கும். இது யாருக்கும் முன்னால் தோன்றவில்லை. தொற்காள் அன்றைக்கே அழுதுகொண்டு பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். எமி வாசலைப் பிடித்துக்கொண்டு, “ஆன்ட்டி, எங்கம்மாட்ட போணும்” என்று கெத்சியாளைப் பார்த்துக் கதறியது. பாஸ்டரிடம் போனார்கள். அவரவர் கை செய்ததைத்தான் படைக்கலாம், வாங்கினதைத் திரும்பப் படைக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். கனி பாய் வீடு தேடி வந்து, “ஏம்மா, என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பம்லா” என்றார். இஸ்ரவேலின் குரலில் அதைக் கேட்டதும் கெத்சியாள் எழுந்து உள்ளே போய்விட்டாள். முதல் வாரம் தொற்காள் சாப்பிடாமல் கிடந்தது நிஜம். கிறிஸ்துமஸுக்கு எமிக்கு லேஸ் வைத்து கவுன் தைத்ததும் நிஜம். ஈஸ்டர் வருவதற்குள் வாசலில் திரை மாட்டிவிட்டாள். தெரு சீக்கிரம் பழகிவிட்டது. ஏலத்தில் எடுத்தது, முறையாக எடுத்தது என்றார்கள். கெத்சியாள் வீட்டுச் சீப்பில் ஒரே ஒரு முடி இருந்தது. எத்தனை கழுவினாலும் அது போகவில்லை. பாட்டில் கேட்டுக்கொண்டபடியே கிடைத்திருக்கிறது என்று பாஸ்டரம்மா அதையும் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டாள்.

மறு வருஷம் கெத்சியாள் ஒரு பாட்டோடுதான் வந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எமி பாடம் படிப்பதும், சிரிப்பதும், யம்மா என்று கூப்பிடுவதும், அதைக் கேட்டுக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதும்தான் பாட்டு. அவளுக்கு அதில் ஒரு திட்டம் இருந்தது: எழுதியதெல்லாம் போகிறதே, இந்தத் துக்கமும் போகட்டும், யாராவது கொண்டுபோகட்டும். அவள் எழுதியதிலேயே ஒசத்தி அதுதான். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி விலை கேட்டார். ஸ்டீபன் போனை எடுத்துப் பார்த்தார். டிராம்பே பெரியவர் எழுந்து வெளியே போனார். அண்ணாச்சி விலையைக் குறைத்தார், பிறகு பாதியாக்கினார், கடைசியில், “சும்மாவாது எடுத்துட்டுப் போங்கப்பா, காலிபீலி, வீணா டைம் போவுது” என்றார். அதற்கும் ஆள் இல்லை. அந்தச் சபையில் விலைபோகாமல் நின்ற பொருள் அன்றுவரை கிடையாது. அண்ணாச்சி அதை ஓரமாக வைத்துவிட்டுச் சேவல்களை எடுத்தார்.

ஏலம் முடிந்து வீடு வந்த பிறகு வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. லேஸ் கவுனில் எமி, கையில் அந்தக் காகிதம். “ஆன்ட்டி, ஒங்களோடது யாரும் எடுக்கல. குடுத்துட்டு வரச் சொன்னாங்க.” கெத்சியாள் வாங்கிக்கொண்டாள். பிள்ளை திரும்பி ஓடியபோது பார்த்தாள், வகிடு நூல் பிடித்தது போல நேராக இருந்தது. தையல்காரியின் கை அல்லவா. காகிதத்தை அரிசி டிரம்மின் மேல் வைத்தாள், இப்போதும் அங்கேதான் இருக்கிறது. பிறகு பக்கத்து வீட்டுக் குழாயில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கிவந்து, மறுநாள் இட்லிக்கு உளுந்தை ஊறப்போட்டாள்.