விழும்போது தட்டிய கை

வெர்லின் ஹாஸ்காம்ப் அயோவாவில், வாட்டர்லூ ஊரில், இருபது வருடமாக ஜூடோ சொல்லிக்கொடுத்தான். முதல் மாதம் முழுக்க ஒரே பாடம்தான்: விழுவது. விழும்போது உள்ளங்கையால் தரையை ஓங்கித் தட்ட வேண்டும். அடி கையோடு போய்விடும், முதுகு தப்பும்.

தொண்ணூற்றாறில் கூண்டுச் சண்டை கேசட்டுகள் ஊருக்குள் வந்தன. குத்துச்சண்டைக்காரன், மல்யுத்தக்காரன், கராத்தேக்காரன் என்று எவனும் எவனோடும் மோதலாம். பார்த்த தகப்பன்மார்கள், "உங்க ஜூடோ அந்தக் கூண்டுக்குள்ள எடுபடுமா சார்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாற்பது பிள்ளைகள் ஒன்பதானார்கள். வெர்லினுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்தொன்பது வயதில், மாட்டு ஏலக் கொட்டகையில் நடந்த கூண்டுச் சண்டைக்குப் பெயர் கொடுத்தான்.

"தோத்துட்டா?" என்றாள் மனைவி லுவான்.

"பள்ளிக்கூடத்த மூடிடலாம்."

எதிராளி ரஸ்டி ட்வோராக், வீடுகளுக்குக் கூரை போடுகிறவன், பழைய மல்யுத்தக்காரன். நடுவர் மற்ற நாட்களில் மாடு ஏலம் விடுபவர்; ஒருமுறை சொன்னதை மாற்றிப் பழக்கமில்லாதவர். "முடியலைன்னா கையால தட்டணும், தட்டினா தோல்விதான். தட்டிட்டு அப்புறம் எங்கிட்ட கதை விடக்கூடாது" என்றார்.

நான்காவது நிமிடம் ரஸ்டியின் கழுத்து வெர்லினின் பிடியில் இருந்தது. ரஸ்டி இருந்த பலத்தையெல்லாம் திரட்டி அவனைத் தூக்கி மல்லாக்க அடித்தான். வெர்லின் விழுந்தான். இருபது வருடப் பாடத்தில் இம்மி பிசகவில்லை. உள்ளங்கை தரையில் பளாரென்று விழுந்தது.

நடுவர் குறுக்கே பாய்ந்தார். "முடிஞ்சுது!"

"நான் தோல்விக்குத் தட்டலைய்யா! விழுந்தேன்!"

"கடைசி வரிசைக்கே கேட்டுச்சு."

அவன் விழுந்த அழகு, பார்க்க வந்திருந்த ஒன்பது பிள்ளைகளுக்கும் புரிந்தது. தகப்பன்மார்களுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை மாலை வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. லுவான் அட்டைப்பெட்டிகளில் சாமான்களை அடுக்கினாள். வெர்லினுக்கு அழுகை வந்தது. அப்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் ரஸ்டி உள்ளே வந்தான்.

"நீ தோல்விக்குத் தட்டலைன்னு எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா நான்தான் தட்டிருப்பேன்."

"அத ஊருக்குள்ள போய்ச் சொல்லு."

"சொன்னேன்ப்பா. எவனும் நம்பல. பெருந்தன்மையா பேசுறேன்னு பீர் வாங்கிக் குடுக்குறானுங்க." ரஸ்டி காலணியைக் கழற்றினான். "நான் கூரை மேல வேலை பாக்கறவன். மாசத்துக்கு ஒருதரம் விழறேன். உன்ன மாதிரி விழுந்தவன நான் பாத்ததே இல்ல. கத்துக்குடு."

வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைத் தூக்கிப் போட்டான். ரஸ்டி மூட்டை மாதிரி விழுந்தான்.

"கையத் தட்டுடா!"

ரஸ்டி படுத்தபடியே வாசலைப் பார்த்தான். "எவனும் பாக்கலையே?"

லுவான் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த தடவை விழுந்தபோது ரஸ்டி தட்டினான்.