நாலு மணி வரை

டீ டம்ளர் ஒன்று தட்டிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. கூடத்தில் இருபது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. சாவு வீட்டில் டம்ளர் விழுவது ஒரு சேதியா? ஆனால் அவள் பாய்ந்து வந்து, சூடு கையில் கொட்டியதைக்கூடப் பார்க்காமல், டம்ளரை அமுக்கிப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அங்கே எழுந்துவிட யாரும் தூங்கவில்லை. கட்டிலில் அவள் மகன் கிடந்தான்.

அது அவள் புருஷனின் கட்டில். வீட்டில் இருக்கும் ஒரே கட்டிலும் அதுதான். மனுஷன் இருபத்திரண்டு வருஷமாக ஒரு பனிக்கட்டிக் கிடங்கில் இரவுக் காவல். காலை ஏழு மணிக்கு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், எட்டரைக்குப் படுப்பார். அதற்கப்புறம் மாலை நாலு மணி வரை அந்த வீட்டில் ஊசி விழுந்தால்கூடக் குற்றம். பாத்திர அலமாரியில் பழைய துண்டு விரித்திருக்கும். கதவுத் தாழ்ப்பாளுக்குத் துணி சுற்றியிருக்கும். குக்கர் விசில் நாலு மணிக்கு முன்னால் சத்தம் போட்டதாகச் சரித்திரம் இல்லை. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்பார்கள். இந்த வீட்டில் பகலில் பேசவே கூடாது, இரவில் பேசக் குடும்பத் தலைவர் இருக்க மாட்டார். தெருவில் இதற்கு 'ஆந்தை வீடு' என்று பெயர்.

மகனுக்கு ஆறு வயதிருக்கும்போது ஒரு நாள், பள்ளியில் கொடுத்த பரிசைக் காட்ட ஓடி வந்து அப்பாவை உலுக்கி எழுப்பிவிட்டான். தூக்கத்திலிருந்து எழுந்த மனுஷன் போட்ட கத்தலில் பிள்ளை நின்ற இடத்திலேயே டிரவுசரை நனைத்துக்கொண்டான். மறுநாளிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்துகொள்வான். பந்து விளையாட வருகிற பிள்ளைகளுக்கு உதட்டில் விரலை வைத்துக் காட்டுவான். பாடத்தையெல்லாம் உதட்டை மட்டும் அசைத்துப் படித்தான். "வாயே திறக்காம படிச்சு டாக்டர் சீட் வாங்கிட்டான்" என்று அவர் கிடங்கு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

இப்போது மணி இரண்டரை. நாலு மணிக்கு மயான வண்டி வந்துவிடும்.

நேற்றிலிருந்து அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். கண்ணிலிருந்து நீர் ஊற்றியது, சத்தம்தான் வரவில்லை. பகல் வேளை ஆயிற்றே, தொண்டைக்கு வேறு பழக்கம் தெரியாது. நாத்தனாருக்கு அது போதுமாயிருந்தது. "பெத்தவ கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அது போனால் போகட்டும். இன்னொரு பேச்சுத்தான் வீட்டை அறுத்துக்கொண்டிருந்தது. மகன் படிப்பின் கடைசி வருஷம், ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி. முப்பது மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு, நேற்றுக் காலை எட்டு மணிக்கு பைக்கில் விடுதிக்குத் திரும்பும்போது, சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியிருந்தான். பிரேக் பிடித்த தடமே இல்லை என்று போலீஸ்காரர் ஒருவர் யதார்த்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் அதைப் பிடித்துக்கொண்டாள். பிரேக் பிடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு காதாகக் கேட்டாள்.

அவள் புருஷனின் காதுக்கும் அது போயிருந்தது. நேற்றிலிருந்து அவர் உட்காரவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டார், உங்களிடம் ஏதாவது சொன்னானா என்று. இல்லை என்று தலையசைத்தால் அடுத்தவரிடம் போனார். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தால் தனக்கும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் அவளைக் கொன்றது. முந்தாநாள் பதினோரு மணிக்கு மகன் கூப்பிட்டிருந்தான். அவள் போனை எடுத்துக்கொண்டு அடுப்படி மூலைக்கு ஓடி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். அப்பா இருக்கிறாரா என்று கேட்டான். தூங்குகிறார், நாலு மணிக்கு மேல் கூப்பிடு கண்ணு என்றாள். "சரிம்மா, எழுப்பாதே" என்றான். அவ்வளவுதான். என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்களைத் தூக்கினாள், டீ போட்டாள், அவர் எழுந்து குடித்துவிட்டு வேலைக்குப் போனார். அவளுக்கு மறந்துவிட்டது. மறுநாள் காலை போலீஸ் போன் வந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

வண்டி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். இப்போது விட்டால் ஆயுசுக்கும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு தடவையும் டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

மூன்று மணிக்கு மகனின் அறைத்தோழன் வந்தான். அவனும் பயிற்சி டாக்டர்தான். ராத்திரி டியூட்டி முடித்து, நாலு மணி நேரம் பஸ்ஸில் நின்றபடி வந்திருந்தான். தோளில் மகனின் பை. அதிலிருந்து வெள்ளைக் கோட்டின் கை வெளியே தொங்கியது. அவள் அவனைச் சுவரோரம் உட்காரவைத்து டம்ளரைக் கையில் கொடுத்தாள். அவர் வந்து எதிரில் குந்தி, அதே கேள்வியைக் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். இரண்டு மாதமாகவே மகனுக்குத் தூக்கம் இல்லை. நேரம் கிடைக்காமல் இல்லை, கிடைத்தாலும் வரவில்லை. வார்டிலிருந்து வந்து விழுந்தால் கண்ணைத் திறந்தபடியே கிடப்பான். வார்டு மிஷினின் சத்தம் அறையிலும் கேட்கிறது என்பான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லி இவனே கூட்டிப்போயிருக்கிறான். கதவு வரைக்கும் போய்த் திரும்பிவிட்டான். உள்ளே உட்கார்ந்திருந்தவர்தான் அவர்கள் பயிற்சிக்குக் கையெழுத்துப் போடுகிறவர்.

"அப்ப வண்டிய..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"தூங்கிட்டான்மா" என்றான் அவன். "கட்டில்ல வராதது வண்டில வந்துடும். எனக்கே ரெண்டு தடவ ஆயிருக்கு. முழிச்சுப் பாத்தா ரோட்டோட அந்தப் பக்கம் இருப்பேன்."

பிறகு அவரைப் பார்த்தான். "உங்ககிட்டதான் கேக்கணும்னு சொல்லிட்டே இருந்தான்ப்பா. பகல்ல தூங்குற வித்தை எங்கப்பாவுக்குத் தெரியும், கேட்டு உனக்கும் சொல்றேன்னான். முந்தாநாள் போன்கூடப் பண்ணினானே."

"எனக்கு வரலையே" என்றார் அவர்.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"வந்தது" என்றாள்.

கூடத்தில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. அவருக்குக் கேட்டது. இருபத்திரண்டு வருஷமாக அவளுடைய கிசுகிசுப்பில் குடித்தனம் நடத்தியவர். திரும்பினார்.

"பதினோரு மணிக்கு. நீங்க தூங்கிட்டிருந்தீங்க. நாலு மணிக்கு மேல கூப்பிடுன்னு சொல்லிட்டேன். எழுப்பாதேன்னு அவனும் சொன்னான்."

"நாலு மணிக்கு நான் எந்திரிச்சேனே."

"மறந்துட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். அவள் எதற்கும் தயாராக நின்றாள். அடித்தால் நன்றாயிருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"எழுப்பியிருந்தா கத்தியிருப்பேன்" என்றார் அவர்.

பிறகு அறைத்தோழனிடம், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறவர் போல, நிதானமாகச் சொன்னார். "வித்தை ஒண்ணும் இல்லப்பா. அவன் வாசல்ல உக்காந்திருந்தான். நான் தூங்கினேன்."

எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை ஆகப் போகிறது. உள்ளறைக்குப் போய், கட்டிலைச் சுற்றி நின்றவர்களைக் கொஞ்சம் வெளியே வரச் சொன்னார். ஜன்னலில் அவருடைய பகல் தூக்கத்துக்காக மாட்டி, நேற்றிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த கறுப்புத் திரையை ஓரம் வரை இழுத்துவிட்டார். மகனின் காலடியில் சுருண்டிருந்த போர்வையை மார்பு வரை ஏற்றினார். வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். துணி சுற்றிய தாழ்ப்பாள், சத்தமே இல்லை. அப்புறம் நேரே போய் வாசற்படியில் உட்கார்ந்தார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூடத்தில் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. யாரோ ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

வண்டி பத்து நிமிஷம் முன்னதாகவே தெருமுனையில் திரும்பியது. அவர் எழுந்து உதட்டில் விரலை வைத்தார். டிரைவர் இன்ஜினை அணைத்தான். கிட்டே வந்தவனிடம், நாலு மணிக்குத்தானே சொன்னோம் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி படியில் உட்கார்ந்தார்.

அவள் காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சுவரோரம் அறைத்தோழன் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிப்போயிருந்தான். கையில் டம்ளர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டிருந்தது. அது விழுவதற்கு முன் அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.